பட்ட பாட்டைப் பாட்டாக்குவது எப்படி: ராப் எழுதத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ராப் பாட வரும் இளைஞர்களில் பெரும்பாலானோர் ஒரே வரிசையில்தான் தொடங்குகிறார்கள். யூடியூபில் ஒரு பீட்டை, அதாவது ராப்புக்கான பின்னணித் தாள இசையைப் பிடிக்கிறார்கள். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கோபம் ஏறியதும் எழுதுகிறார்கள். அன்றிரவே கைபேசியில் பதிந்து மறுநாள் வெளியிடுகிறார்கள். நண்பர்கள் நாற்பது பேர் கேட்கிறார்கள், அதோடு நின்றுவிடுகிறது. "என் கஷ்டத்தை யாருமே மதிக்கவில்லை" என்று சோர்ந்துபோகிறார்கள்.

அவர்கள் பட்ட கஷ்டம் உண்மை. குரலிலும் குறையில்லை. வேலையின் வரிசைதான் தலைகீழ். பீட்டை முதலில் எடுத்தால், யாரோ ஒருவர் எங்கோ செய்துவைத்த மனநிலைக்கு உங்கள் வாழ்க்கையை வெட்டிப் பொருத்த வேண்டியதாகிறது. வெட்டும்போது முதலில் விழுவது விவரம். கஷ்டம் ஊருக்கெல்லாம் பொது, அதன் விவரம் மட்டுமே உங்களுடையது. கீழே உள்ள வரிசை முழுவதும் அந்த விவரம் கேட்பவர் காதுவரை சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, கைபேசி, கம்பி உள்ள ஹெட்ஃபோன். புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேரும். அதைக் கேட்டுக்கொண்டே பாடினால் தாளம் தப்பும், தப்புவது ஏன் என்றும் புரியாது. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் தாளம் தட்டும்) செயலி ஒன்றும் பதிவுச் செயலி ஒன்றும் வேண்டும். பேண்ட்லேப் போன்றவை இலவசம்தான்.

முகத்துக்கு நேரே உண்மை சொல்லக்கூடிய ஒருவரும் தேவை. உங்களைக் கொண்டாடும் நண்பர் இந்த வேலைக்கு உதவ மாட்டார். "இந்த வரி புரியவில்லை" என்று கூசாமல் சொல்லும் அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ போதும்.

இப்போதைக்கு ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டாதீர்கள். மும்பை குர்லாவைச் சேர்ந்த ராப் பாடகர் நேஸி, தன்னை வெளியுலகம் கவனிக்கவைத்த பாடலை 2014இல் ஒரு ஐபேடில்தான் பதிந்தார், காணொளியையும் அதிலேயே எடுத்தார். எழுத்து தயாராகாமல் ஸ்டூடியோவுக்குப் போகிறவர் மணிக்கணக்கில் வாடகை கட்டி அங்கே உட்கார்ந்து வரி தேடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

2. காயம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

பாடல் வெற்றி பெற்றால் அதை நூறு மேடைகளில் பாட வேண்டியிருக்கும். பேட்டி எடுப்பவர்கள் அதையே கிளறுவார்கள். முகம் தெரியாதவர்கள் கருத்துப் பெட்டியில் உங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். ஆகவே எழுதும் முன் ஒரு சோதனை: நடந்ததை நம்பிக்கையான ஒருவரிடம் தொடக்கம் முதல் இறுதிவரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்த இரவு தூக்கம் வந்ததா?

உடல் நடுங்கினால், நாள் முழுக்க அந்த நினைவிலேயே கிடந்தால், அந்தக் கதைக்கு இன்னும் நேரம் வரவில்லை. நோட்டில் எழுதி வையுங்கள், வெளியிட வேண்டாம். அதைவிடச் சிறிய, ஆறிப்போன ஒன்றை முதல் பாடலுக்கு எடுங்கள். தாங்க முடியாத நிலை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். அரசு நடத்தும் இலவச மனநலச் சேவை, தமிழிலும் பேசுவார்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: "அழுகையோடு பாடினால்தான் உண்மை வரும்." மைக் முன்னால் அழுகை வந்தால் மூச்சுத்தான் உடையும், சொற்கள் விழுங்கப்படும். அழ வேண்டியவர் கேட்பவர். பாடுபவர் அந்த நேரம் தெளிவாக இருந்தாக வேண்டும்.

3. பாட்டு எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்

தொடர்ந்து நான்கு நாள், தினம் 20 நிமிடம், வெறும் உரைநடையில் எழுதுங்கள். எதுகை வேண்டாம், பீட் வேண்டாம், அழகும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிய எழுத்துப் பரிசோதனைகள் ஏறத்தாழ இந்த அளவில்தான் நடந்தன. மனதில் கலைந்து கிடக்கும் சம்பவம், எழுதும்போது முன்பின் பிடிபட்டு ஒழுங்குக்கு வருகிறது. நமக்கும் அந்த ஒழுங்குதான் வேண்டும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: வலி, வேதனை, கண்ணீர், வறுமை, இருள், கனவு என்ற ஆறு சொற்களுக்கும் இந்த நான்கு நாளும் தடை. அவை வரும் இடத்தில் எல்லாம், அங்கே உண்மையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். எத்தனை ரூபாய், எந்தத் தெரு, என்ன மணி, யார் என்ன சொன்னார், கையில் என்ன இருந்தது, அடுப்பில் என்ன வெந்தது.

தினப்படி காதில் விழும் சொற்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். அமெரிக்க ராப் பாடகர் எமினெம் 2010இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தன் சேமிப்பைக் காட்டினார்: ஒரு பெட்டி நிறையத் தாள்கள், துண்டுக் காகிதங்கள், எல்லாவற்றிலும் நுணுக்கி எழுதிய சொற்கள். அவற்றில் எதுவும் முழுப் பாடல் இல்லை. பிற்பாடு உதவும் என்று சேர்த்துவைத்த சரக்குத்தான். எழுத உட்காரும் நாளில் சரக்குத் தேடுகிறவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே பத்துப் பேர் பாடிய வரிதான்.

4. ஒரு பொருளைப் பிடியுங்கள்

நான்கு நாள் எழுதியதைப் படித்து, திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளையோ ஒரு ஆளையோ வட்டமிடுங்கள். பாடல் அதைச் சுற்றித்தான் கட்டப்படும். இந்த வழிகாட்டியிலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது.

வியாசர்பாடியிலிருந்து எங்களிடம் ராப் எழுதப் பழக வந்த ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த முதல் வரிகள் இப்படி இருந்தன:

வறுமையில் பிறந்தேன், வலியில் வளர்ந்தேன்,
தனிமையில் நடந்தேன், தடைகளைக் கடந்தேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவருடையது என்று சொல்லவும் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரில் யார் எழுதினாலும் இதே வரி வரும். உரைநடையில் எழுதச் சொன்னோம். மூன்றாம் நாள் ஒரு பித்தளை அண்டா வந்தது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் அது அடகுக் கடைக்குப் போகும். தைக்கு முன்னால் மீட்க முடிந்தால் அதில் தண்ணீர் காய்ச்சித் தலைக்கு ஊற்றுவார்கள். முடியாத ஆண்டுகளில் எதிர்வீட்டு அலுமினியப் பானை வரும். அண்டா இருந்த இடத்தில் தரையில் ஒரு வட்டத் தடம், அம்மா அந்தத் தடத்தை மறைக்கக் கோணிப்பையை மடித்துப் போட்டு வைப்பார்.

அந்தக் கோணிப்பை வந்ததும் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வறுமை என்ற சொல் எங்கும் வரவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் மானம் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்று தெரிந்துவிட்டது. பாடல் அங்கேதான் பிறந்தது.

பொருளுக்குப் பதில் ஆளாகவும் இருக்கலாம். அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளைப் பிடித்துக்கொண்டார். நிலமிழந்தவர்களின் நூற்றாண்டுக் கதை, 2021இல் ஒரு பாட்டியை அழைக்கும் குரலாக உலகம் முழுக்கப் போனது. அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2002இல் கார் விபத்தில் தாடை உடைந்து, கம்பியால் கட்டப்பட்டிருந்த வாயோடு பாடிய பாடலிலும், திட உணவு இறங்காமல் குடித்த சத்துபானங்களின் பெயர்வரை வருகிறது.

சரியான பொருள்தானா என்று அறிய ஒரு கேள்வி உண்டு: இதை உங்கள் தெருவில் இல்லாத ஒருவர் கற்பனையில் எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் இன்னும் தோண்டுங்கள்.

5. அந்தக் கதை வேறு யாருடையது என்று கேளுங்கள்

உங்கள் கஷ்டத்தில் அம்மா இருப்பார், அப்பா இருப்பார், கடன் கொடுத்தவர் இருப்பார். பாடலை எழுதி முடிக்கும் முன்பே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எழுதி, பதிந்து, காணொளியும் எடுத்த பிறகு வீட்டில் "வேண்டாம்" என்றால் இரண்டு பக்கமும் மனம் உடையும்.

வீட்டாரிடம் வரிகளை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கூசும் விவரத்தை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் நாம் பயப்படும் இடத்தில் அவர்கள் கூச மாட்டார்கள், நாம் நினைக்காத ஏதோ ஒரு சொல்தான் குத்தும். அண்டாப் பாட்டில் அம்மா எடுக்கச் சொன்னது எதிர்வீட்டுக்காரரின் பெயரை மட்டும்தான்.

உயிரோடு இருக்கும் ஒருவர் மீது பெயர் சொல்லிக் குற்றம் சுமத்துவது சட்டச் சிக்கலும்கூட. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் அவதூறு இன்றும் குற்றம்தான். எமினெம் மீது அவருடைய தாயே 1999இல் ஒரு கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தார். அது 25,000 டாலரில் முடிந்தது. ஆனால் கணக்கு அங்கே தீரவில்லை. பல ஆண்டு கழித்து, 2013இல் தாயிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பாடலே எழுதினார். தாயைத் தாக்கிய பழைய பாடலை மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டதாகவும் அதில் சொன்னார். பெயரை எடுத்துவிட்டு உறவையோ தொழிலையோ சொன்னால் பாடலின் வலு பெரும்பாலும் குறைவதே இல்லை.

6. இப்போது பீட்

கதை தெரிந்த பிறகு பீட் தேடுவது எளிது. நிதானமாகச் சொல்ல வேண்டிய கதைக்கு நிமிடத்துக்கு 80 முதல் 95 தாள அடி வேகம் ஏற்றது. 140 அடி வேகத்தில் ஓடும் ட்ராப் என்ற வகை பீட்டில் தாளத்தைப் பாதியாக உணர்ந்து பாடுவார்கள். அதில் சொல்லுக்கு இடம் இருந்தாலும், மேலே ஓடும் ஹை-ஹாட் (டிரம்மின் சிறு தாளத் தட்டு) ஓசையின் அவசரம் கதையோடு சண்டை போடும். முதல் பாடலுக்கு 90 அடியில் தொடங்குங்கள்.

உங்கள் உரைநடையைப் பீட்டின் மேல் சும்மா வாசித்துப் பாருங்கள். குரலின் இயல்பான உயரத்தில் பியானோவோ கிட்டாரோ குறுக்கே வந்தால் அந்த பீட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது. நடுவில் குரலுக்கு இடம்விட்ட பீட்தான் வேண்டும்.

யூடியூபில் "இலவசம்" என்று போட்டிருக்கும் பீட்டுகள் பெரும்பாலும் பணம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். ஸ்பாட்டிஃபையில் ஏற்றும் நாளில் அது இலவசம் இல்லை. வாடகை உரிமம் வாங்கினால், எத்தனை ஸ்ட்ரீம்வரை செல்லும், காணொளிக்குச் செல்லுமா என்று படித்து ரசீதைச் சேமியுங்கள். அதே பீட்டை இன்னும் பலர் வாடகைக்கு எடுத்திருப்பார்கள் என்பதால், பாடலின் உரிமையாளரைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் அந்தப் பாடலைப் பதியக் கூடாது. பதிந்தால் மற்றவர்களின் பாடல்கள் மீதெல்லாம் உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போகும். பழைய திரைப்பாடலை வெட்டிப் போட்ட பீட் என்றால் ஒலிப்பதிவு உரிமை, பாடல் உரிமை என இரண்டு அனுமதிகள் வேண்டும். தொடக்கக்காரர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் விருப்பம் உள்ளூர் இசைத் தயாரிப்பாளர் ஒருவரோடு சேர்ந்து செய்வதுதான். அண்டாவில் தட்டிய ஓசையைப் பதிந்து பீட்டில் சேர்க்க இணையத்து பீட் இடம் கொடுக்காது. அருகில் இருக்கும் நண்பர் கொடுப்பார்.

7. வரிகளைத் தாளத்தில் உட்காரவைப்பது

ஒரு பார் என்பது நான்கு அடி. நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஒரு பார் ஏறத்தாழ 2.7 நொடி, 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ் (சரணம் போன்ற பகுதி) சுமார் 43 நொடி. நோட்டுப் பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்து, எந்த அடியில் எந்த அசை விழுகிறது என்று எழுதுங்கள். இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்நேர், அதாவது பளிச்சென்ற டிரம் ஓசை விழும். முக்கியமான சொல் அங்கே விழ வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு பெரிய வசதி உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ராப்பில் அது அப்படியே வேலை செய்கிறது. ஸ்நேர் மேல் நெடிலை வைத்தால் சொல் நிற்கும். குறில்களை அடுக்கினால் வேகம் கூடும். ட்டி, க்கு, ற்று போன்ற இரட்டை வல்லினம் வரும் இடத்தில் வாயே ஒரு நொடித் துணுக்கு அடைத்துத் திறப்பதால், தனி தாளக் கருவி சேர்ந்தது போல ஒலிக்கும். கோபமான இடத்துக்கு வல்லினம், தாயைப் பற்றிச் சொல்லும் இடத்துக்கு மெல்லினமும் இடையினமும் என்று மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது எதுகை. இங்கே புதியவர்கள் எல்லாரும் ஒரே குழியில் விழுகிறார்கள். தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால் பிறந்தேன், வளர்ந்தேன், நடந்தேன், கடந்தேன் என்று வரிக்கடைசி தானாகவே ஒத்துப்போகும். உழைக்காமல் வந்த ஒலி நான்கு வரியில் சலித்துவிடும். தன்மை வினையாகவே வருவதால் நான், நான் என்றும் ஒலிக்கும். இரண்டு மாற்று வழிகள் உண்டு.

ஒன்று, வாக்கியத்தைப் புரட்டிப் பெயர்ச்சொல்லிலோ கேள்வியிலோ முடியுங்கள். இரண்டு, ஒலியின் பிணைப்பை வரியின் தலைக்குக் கொண்டுபோங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை நம் காதில் தாலாட்டிலிருந்தே ஏறியிருக்கிறது. அண்டாப் பாட்டின் முதல் நான்கு வரி கடைசியில் இப்படி வந்தது. பாடியவர் தன் வீட்டுப் பேச்சில்தான் பாடினார். இங்கே அச்சுக்காக எழுத்து வழக்கில் தருகிறேன்:

பள்ளி திறக்கும் ஜூன் மாதம், பித்தளை அண்டா போகும்,
வெள்ளிக்கிழமை வட்டி, வட்டிக்கு வட்டி ஆகும்,
பெட்டி அடியில் ரசீது, பேர் மட்டும் அம்மா பேர்,
கட்டி மீட்ட மறுமாதம் கதவில் நிற்பது யார்?

பள்ளி, வெள்ளி என்றும் பெட்டி, கட்டி என்றும் தலையில் எதுகை. பெட்டி, பேர் என்றும் கட்டி, கதவில் என்றும் உள்ளே மோனை. "வட்டிக்கு வட்டி" என்ற இடத்தில் இரட்டை வல்லினம் தட்டுகிறது. கடைசி வரி கேள்வியாக நிற்பதால் அடுத்த வரிக்குக் காது காத்திருக்கிறது. முதலில் கொண்டுவந்த இரண்டு வரியையும் இதையும் அடுத்தடுத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

எதுகையை அளவோடு வையுங்கள். ஒலிக்காகப் பொருளை வளைக்கத் தோன்றும்போது ஒலியை விடுங்கள். அடகுக் கடையில் வாங்கியது 1,200 ரூபாய் என்றால், ஓசைக்காக அதை ஆயிரம் ஆக்க வேண்டாம். உங்கள் தெருக்காரர்தான் முதலில் கேட்பார், அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு வெர்ஸிலும் கதை ஓர் அடி நகர வேண்டும். முதல் வெர்ஸில் அண்டா போகிறது. இரண்டாவதில் மீட்கப் பார்க்கிறார்கள். மூன்றாவதில் இன்றைய நிலை. மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: "இன்று நான் உச்சியில், நீ தரையில்" என்று முடிக்கிறார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு பாடும் உச்சி யாரையும் நம்பவைக்காது. இன்று எங்கே நிற்கிறீர்களோ அதையே சொல்லுங்கள். வேலை தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், எந்த பஸ்ஸில் எங்கே இறங்கி என்பதுவரை சொல்லலாம்.

8. ஹூக்

ஹூக்கை, அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவியை, வெர்ஸுக்குப் பிறகு எழுதுங்கள். முதலில் எழுதினால் பொதுவான முழக்கமாகிவிடும். எட்டு பார் போதும், நான்கே போதுமானாலும் நல்லது. அதில் புதுச் செய்தி வேண்டாம். பாடலின் பொருளின் பெயர் வர வேண்டும், ஒரு சிறுவன் இரண்டு முறை கேட்டதும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைச் சோதிக்கத் தெருவில் சிறுவர்களுக்கா பஞ்சம்!

9. வாயில் ஏற்றுவது

தாளைப் பார்த்துப் பாடினால் குரல் வாசிப்பது போலவே இருக்கும். மனப்பாடமாகும்வரை மைக்கைத் தொடாதீர்கள். மெட்ரோனோமை முதலில் 70இல் வைத்துப் பாடி, தெளிவு வந்ததும் 80, பிறகு 90. மெதுவாகப் பாடும்போது எந்த இடத்தில் சொல் நெரிகிறது என்று தெரியும். அந்த இடத்தில் ஒரு சொல்லை வெட்டுங்கள். நாக்கை வேகப்படுத்தி ஈடுகட்ட நினைப்பது வீண்.

மூச்சு எடுக்கும் இடங்களை வரிகளில் சாய்கோடு போட்டுக் குறியுங்கள். இரண்டு பாருக்கு ஒருமுறை மூச்சு இல்லாமல் எழுதிய வெர்ஸ் மேடையில் மூன்றாவது பாடலிலேயே உங்களைக் கவிழ்த்துவிடும். நின்றுகொண்டு பழகுங்கள், உட்கார்ந்தால் வயிறு மடிந்து மூச்சு பாதியாகும்.

அமெரிக்க உச்சரிப்பை எடுத்துக்கொள்வது, கையில் எடுக்காத துப்பாக்கியைப் பாட்டில் எடுப்பது இரண்டும் வேண்டாம். கேட்கிறவருக்கு உங்கள் ஊர் ழகரமும் லகரமும் எப்படி ஒலிக்குமோ அப்படியே வேண்டும்.

10. பதிவு

வீட்டிலேயே பதியலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதன் முன் முதுகு காட்டி நில்லுங்கள். மைக் உங்கள் முகத்தையும் உங்களுக்குப் பின்னால் இருப்பதையும்தான் பார்க்கிறது. எதிரொலியைப் பின்பக்கம் அடைப்பதே முக்கியம், மைக்குக்குப் பின்னால் போர்வை தொங்கவிடுவது இரண்டாம்பட்சம். குளியலறையில் பதியாதீர்கள். அங்கே குரல் பெரிதாகக் கேட்டாலும் அந்த எதிரொலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக எடுக்க முடியாது.

மின்விசிறி, ஃபிரிட்ஜ், கைபேசி அழைப்பு எல்லாம் நிறுத்தம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண், நடுவில் பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை). ப போன்ற வல்லின எழுத்துகளின் காற்று மைக்கில் நேராக மோதினால் அந்த எடுப்பே (அந்த முறை பாடிப் பதிந்ததே) வீண். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் இருக்கட்டும். சிவப்பைத் தொட்டுச் சிதைந்த குரலை மீட்க வழியில்லை, அளவு குறைந்த குரலை ஏற்றிக்கொள்ளலாம். 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள், எம்பி3 வேண்டாம்.

முதலில் முழு வெர்ஸையும் நிறுத்தாமல் சில முறை பாடுங்கள். வரி வரியாக வெட்டிப் பதிந்தால் பிழை இருக்காது, உயிரும் இருக்காது. முழு எடுப்பில் சிறந்ததை வைத்துக்கொண்டு, தப்பிய வரிகளை மட்டும் திருத்துங்கள். வரியின் கடைசிச் சொல்லை அழுத்த, அந்தச் சொல்லை மட்டும் இன்னொரு முறை மேலே பதியலாம். முழு வெர்ஸையும் இரட்டிப்பாக்கினால் கூட்டம் பேசுவது போல ஆகிவிடும், தன் கதை சொல்லும் பாடலுக்கு ஒற்றைக் குரல்தான் அழகு.

11. மிக்ஸிங், மாஸ்டரிங்

மிக்ஸிங் என்பது குரலையும் இசையையும் அளவாகக் கலப்பது, மாஸ்டரிங் என்பது முழுப் பாடலையும் வெளியீட்டுக்குச் செப்பனிடுவது. முதல் பாடலுக்கு இதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஸ்டூடியோவுக்கு என்று ஒதுக்கிய பணம் இங்கேதான் பயன்படும். நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு சொல்லும் மலிவான கைபேசி ஸ்பீக்கரிலும் புரிய வேண்டும். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துவதால், சத்தத்தைத் திணித்து நசுக்க வேண்டாம். குரல் இல்லாத இசைக் கோப்பையும் இசை இல்லாத குரல் கோப்பையும் தனியாகக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்காமல் விட்டு, மேடை கிடைத்த நாளில் ஓடுகிறார்கள்.

12. காகித வேலை, வெளியீட்டுக்கு முன்

இந்தப் படியில்தான் திறமைசாலிகள் அதிகம் இழக்கிறார்கள். நட்பில் தொடங்கிய பாடல் ஓடத் தொடங்கியதும் பங்குத் தகராறாகிறது. ஆகவே பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: வரிகள் யாருடையவை, இசை யாருடையது, ஒலிப்பதிவின் உரிமையாளர் யார், யாருக்கு எத்தனை விழுக்காடு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நிறுவனம் ஒப்பந்தம் நீட்டினால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் ஏன் இருக்கின்றன என்று இப்போது புரியும். 2012 திருத்தத்தின்படி, உரிமையை வாங்கியவரோடு ராயல்டியைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் உரிமையை வரி எழுதியவரோ இசையமைத்தவரோ விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது.

ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பந்தத்தை "எல்லாரும் போடுவதுதான்" என்று அவசரப்படுத்தினால், வழக்கறிஞரிடம் காட்ட ஒரு வாரம் கேளுங்கள். ஒரு வாரம் தர மறுப்பவரிடம் பாடலைத் தராதீர்கள். வாழ்க்கையில் பட்டதையெல்லாம் போட்டு எழுதிய பாடல் அது.

வரி எழுதியவரும் இசையமைத்தவரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிப் பாடலைப் பதியுங்கள். வானொலி, மேடை, இணையம் என்று பாடல் பயன்படும் இடங்களில் சேரும் ராயல்டி அதன் வழியாகத்தான் வரும்.

13. வெளியீடு

விநியோகச் சேவை ஒன்றில் பாடலை ஏற்றுங்கள். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவை கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாத் தளங்களுக்கும் அனுப்பும், ஒலிப்பதிவின் அடையாளமான ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் தரும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல். பாடகர் பெயரின் எழுத்துக்கூட்டலை முதல் பாடலிலேயே முடிவுசெய்யுங்கள். பிறகு மாற்றினால் பாடல்கள் இரண்டு பக்கங்களில் சிதறும்.

வெளியீட்டு நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே ஏற்ற வேண்டும். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் பாடலை அவர்களின் தேர்வுக்குழுவுக்கு முன்வைக்கலாம். குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாடல் பட்டியலிலும் பாடல் சேரும். நாளைக்கு வெளியீடு என்று இன்று ஏற்றுகிறவருக்கு இந்த இரண்டும் இல்லை.

காணொளிக்குக் கடன் வாங்காதீர்கள். பாடலின் பொருளைக் காட்டுங்கள். வட்டத் தடம் பதிந்த தரையின் மேல் ஒரு கைபேசிக் காட்சி, வாடகைக் காரின் மேல் ஏறி நிற்பதைவிட நூறு மடங்கு பேசும். வரிகளைத் திரையில் தமிழில் போடுங்கள், வேகமான இடத்தில் கேட்பவருக்கு அது கைகொடுக்கும்.

14. பணமும் மேடையும்

ஸ்ட்ரீமிங்கை நம்பி வேலையை விடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்கு ராயல்டி கணக்கே தொடங்கும். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களோடு, ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். அவை வந்து சேரும்வரை வருமானம் மேடையிலிருந்தும் நேரடி விற்பனையிலிருந்தும்தான்.

லாஸ் ஏஞ்சலஸின் ராப் பாடகர் நிப்ஸி ஹஸில் 2013இல் இணையத்தில் இலவசமாகவே கிடைத்த ஒரு தொகுப்பை 1,000 பிரதி மட்டும் அச்சிட்டு, பிரதி 100 டாலர் என்று விற்றார். எல்லாம் விற்றன. அவர் வளர்ந்த தெருவின் கதையைப் பல ஆண்டு கேட்டுவந்தவர்கள் வாங்கினார்கள். உங்களுக்கு 1,000 பேர் வேண்டாம், முதலில் 50 பேரின் பெயரும் முகமும் தெரிந்தால் போதும். நிகழ்ச்சி முடிந்ததும் கீழே இறங்கி அவர்களோடு பேசுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பவர்கள் அவர்கள்தான்.

கல்லூரி விழா, பகுதி நூலகம், அம்பேத்கர் பிறந்தநாள் மேடை, யாரும் ஏறிப் பாடக்கூடிய ஓபன் மைக் நிகழ்ச்சி என்று எங்கே அழைத்தாலும் முதலில் இரண்டு கேள்வி: எத்தனை நிமிடம், எவ்வளவு தொகை. இலவசமாகப் பாடுவதென்றால் உங்கள் விருப்பத்தால் பாடுங்கள், கேட்கக் கூச்சப்பட்டதால் பாட வேண்டாம். போக்குவரத்துச் செலவையாவது முன்கூட்டியே வாங்குங்கள்.

குரல் இல்லாத இசைக் கோப்பைப் பென்டிரைவிலும் கைபேசியிலும் தனித்தனியாக எடுத்துப் போங்கள். நிகழ்ச்சி தொடங்கும் ஒரு மணி நேரம் முன்பே ஒலி அமைப்பாளரைப் பார்த்து, மானிட்டரில் (மேடையில் உங்களை நோக்கி வைத்த ஸ்பீக்கரில்) உங்கள் குரல் கேட்கிறதா என்று சோதியுங்கள். பாட்டுக்கு முன்னால் கதையை விளக்கிப் பேச வேண்டாம். பீட்டைப் போடச் சொல்லி, முதல் வரியைத் தொடங்குங்கள்.